பதினெட்டு நிமிடத் தொலைவு

இது பயிற்சி அல்ல என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காலை மணி பதினொன்று இரண்டு. சொன்னவர் திட்ட இயக்குநர் தேவசகாயம். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்ததால் கடமைக்கு வாசித்தார். ஓசூர் தாண்டி யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தக் கட்டுப்பாட்டு அறையில் மற்ற எல்லோரும் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். திலகவதி மட்டும் அந்த வரியில் நின்றுவிட்டாள். இது பயிற்சி அல்ல, சரி. அப்படியானால் போன வியாழக்கிழமை? அது பயிற்சியா, நிஜமா? இதே நாற்காலி, இதே திரை, வலது பக்கத்தில் இதே ஷகிலா, காலுக்குக் கீழே இதே குளிர்காற்று. ஒன்றரை வருடத்தில் முப்பத்தாறு முறை இதே அறையில் உட்கார்ந்து இறங்காத விண்கலத்தை இறக்கியிருந்தார்கள், வராத செய்திக்குக் கைதட்டியிருந்தார்கள், வராத கோளாறுக்குப் பதறியிருந்தார்கள். அந்த முப்பத்தாறும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகள் மாதிரி மனசில் கிடந்தன. எந்த உருவம் எந்தத் தகட்டில் இருக்கிறது என்று பிரிக்க வரவில்லை. வியாழக்கிழமை, கலத்துக்குள் இருக்கும் ஓர் எண்ணை மாற்றும் படிவத்தில், ‘புதிய மதிப்பு’ என்ற கட்டத்தில் இருபத்தைந்து என்று தட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தைத் தட்டும்போது விரல் நுனியில் மாதுளைக் கறை இருந்தது. அன்று கேன்டீனில் மாதுளை வைத்திருந்தார்கள். ‘அனுப்பு’ என்பதை அழுத்தியதும் திரை ஒரு தடவை இமைத்தது. எல்லாம் நினைவிருந்தது, படிவத்தின் தலைப்பைத் தவிர. பயிற்சிப் படிவம் என்றால் தலைப்பில் மஞ்சள் பட்டை இருக்கும், நிஜப் படிவத்துக்குப் பட்டை கிடையாது, வித்தியாசம் அவ்வளவுதான். கண்ணை மூடிப் பார்த்தாள். மஞ்சள் என்று நினைத்தால் மஞ்சள் வந்தது. இல்லை என்று நினைத்தால் போய்விட்டது. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பயிற்சியும் இருந்தது. அதற்கு முன்னால் தட்டினாளா, பின்னால் தட்டினாளா, நடுவிலேயே தட்டினாளா? மாதுளை சாப்பிட்டுக் கைகழுவாமல் வந்தது ஏன்? அவசரம் என்றால் என்ன அவசரம்? பயிற்சி தொடங்கப்போகிற அவசரமா? அப்படியென்றால் மஞ்சள். மஞ்சள் என்றால் அந்த இருபத்தைந்து எங்கேயும் போகவில்லை, இந்த அறையிலேயே செத்துவிட்டது.

உண்ணி இந்நேரம் இறங்கியிருக்கும். கலத்துக்குப் பெரியவர்கள் கூடிப் பேசிச் சமஸ்கிருதத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. மாட்டு உண்ணி மாதிரிப் பற்றிக்கொள்ள வேண்டிய வண்டி என்பதால் அறையில் எல்லோருக்கும் அது உண்ணி. அது பற்றவேண்டிய சிறுகோளுக்கு ஒரு எண்தான் பெயர். படங்களில் பார்த்தால் புளியங்கொட்டை மாதிரி இருக்கும், முந்நூறு மீட்டர் நீளத்தில். அங்கிருந்து ஒரு சொல் இங்கே வந்துசேரப் பதினெட்டு நிமிடம் ஆகும். கணக்குப்படி பதினொன்று இரண்டுக்கு உண்ணி தரையைத் தொடவேண்டும். செய்தி பதினொன்று இருபதுக்கு வரும். நடுவில் இருக்கும் இந்த நேரத்தை எந்தக் காலத்தில் சொல்வது என்று அவளுக்கு என்றுமே பிடிபட்டதில்லை. இறங்குகிறது என்பதா, இறங்கிவிட்டது என்பதா, இறங்கும் என்பதா? அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே இன்னும் தொடங்கவில்லை. அங்கே எடை என்று ஒன்று கிடையாது. வீட்டு பிரிட்ஜ் அளவிருக்கும் உண்ணிக்கு அங்கே ஒரு அப்பளத்தின் கனம்கூட இல்லை. தரையில் பட்டால் நிற்காது, பந்து மாதிரித் தெறித்துப் போய்விடும், போனால் போனதுதான். அதனால் காலடியில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். தரை பட்டால் பொத்தான் அமுங்கும். அமுங்கியதும் தலைக்கு மேலிருக்கும் உந்துபொறி சீறிக் கலத்தைக் கீழே அழுத்தும், மூன்று கொக்கிகள் பாறையைப் பிடிக்கும். ஆனால் இறங்கும் வழியெல்லாம் சின்ன உந்துபொறிகள் விட்டுவிட்டு எரிவதால் கலம் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும், அந்த நடுக்கத்திலும் பொத்தான் அமுங்கும். எவ்வளவு நேரம் அமுங்கியிருந்தால் தரை என்று நம்புவது, எவ்வளவு நேரம் என்றால் வெறும் நடுக்கம் என்று தள்ளுவது? அதுதான் திலகவதியின் எண். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் அறுபது கூறு. இருபத்திரண்டு வருட வேலையில் அவளுக்கென்று வாய்த்த ஒரே எண். அறுபதுக்குக் குறைந்தது எல்லாம் நடுக்கம். சோதனைக் கூடத்தில் ஒரே ஒரு தடவை நடுக்கமே முப்பத்துமூன்று கூறு அமுக்கியது, அதற்குப் பயந்துதான் கிட்டத்தட்ட இரண்டு பங்கு தூரம் தள்ளி அறுபதில் நின்றாள். இருபத்தைந்து போய்ச்சேர்ந்திருந்து, நடுக்கம் முப்பத்துமூன்று வந்திருந்தால்? தரை வருவதற்கு முன்பே தரை என்று நம்பி, மேலே பொறி சீறி, உண்ணி தலைகுப்புறப் போய் மோதியிருக்கும். இருபத்தைந்து போகாமல் இருந்து, அங்கே தரை வெறும் பாறையாக இருந்தால்? தொட்டும் தொடாததாகிவிடும். எது உள்ளே இருந்தாலும் பயமாக இருந்தது. எது இருக்கிறது என்று தெரியாததுதான் இன்னும் பயமாக இருந்தது. காலையில் ஒரு சரிபார்ப்பு நடந்தது. மதிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்று இயந்திரம் கேட்டது, பச்சை எரிந்தது. எல்லை இருபதிலிருந்து எண்பது. அறுபதுக்கும் பச்சைதான், இருபத்தைந்துக்கும் பச்சைதான்.

திரையில் பதினொன்று ஐந்து. பழைய படிவங்களைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் இறங்கும் நேரத்தில் எல்லாத் திரைகளையும் பூட்டிவிடுவார்கள், இறங்கு பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்காது. நேற்று பார்த்திருக்கலாம். நேற்று சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்? இது அவளுடைய எண்கூட இல்லையே. அறுபதுதான் அவளுடையது. இருபத்தைந்து இளம்பரிதியுடையது. இளம்பரிதி அவளுக்குக் கீழே ஐந்து வருடம் வேலை பார்த்தவன், கெட்டிக்காரன், அவனுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் அல்ல. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்கல் என்றால்கூட எதிராளிக்கு ஒரு பிடி கிடைக்கும். அவனுக்குச் சொல் வரும் இடத்தில் வாய் மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாத நேரம் அவளுக்கு எப்போதும் தாங்காது. மற்றவர்கள் வாக்கியத்தை அவனுக்காக முடித்துவைப்பார்கள், அவளும் முடித்துவைப்பாள். உதவி என்று நினைத்துத்தான். இரண்டு வருடத்துக்கு முன் மறுஆய்வுக் கூட்டம், முப்பது பேர், டெல்லியிலிருந்து வந்தவர்கள் வேறு. அவன் எழுந்து, அறுபது அதிகம், அங்கே தூசு இல்லை, பாறையாகத்தான் இருக்கும், பாறையில் பட்டால் பொத்தான் சட்டென்று அமுங்கிச் சட்டென்று விடுபட்டுவிடும் என்றான். அதுவரை நன்றாகவே பேசினான். அப்படியென்றால் எவ்வளவு வைக்கலாம் என்று டெல்லிக்காரர் ஒருவர் கேட்டார். அவன் வாய் மூடிக்கொண்டது. நரம்பு புடைத்தது. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். அவள் அறுபதுக்காக எட்டு மாதம் உழைத்திருந்தாள், அது கண்ணெதிரே உடைகிற மாதிரி இருந்தது, எரிச்சல் இருந்தது, காலையிலிருந்து தலைவலி வேறு. இதையெல்லாம் இப்போது சேர்த்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? சொன்னாள். “நீங்க அந்த எண்ணைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உண்ணி இறங்கித் திரும்பியே வந்துடும் இளம்பரிதி.” சிரித்தார்கள். அவ்வளவு பெரிய சிரிப்பு வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்தான். அடுத்த பொருளுக்குப் போனார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான், தருமபுரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு முன் உண்ணி கிட்டப்போய் எடுத்த படங்கள் வந்தன. தூசு இல்லை. பாறை. பாறைமேல் பாறை. அன்றிலிருந்து அவளுக்குள் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: இருபத்தஞ்சு போதும் மேடம், இருபத்தஞ்சு போதும். தெளிவாக, நிதானமாக, ஒரு தடங்கல் இல்லாமல். இப்போது, பதினொன்று ஏழுக்கு, அந்தத் தெளிவு அவளை உறுத்தியது. அவன் எப்போது எதை அத்தனை தெளிவாகச் சொன்னான்? கூட்டத்துக்குப் பிறகு சொன்னானா, வராண்டாவிலா? எழுதிக் கொடுத்தானா? எழுதிக் கொடுத்தது குரலாகக் கேட்குமா? யோசிக்க யோசிக்க நூல்கண்டின் நுனி உள்ளே உள்ளே போனது.

மேடம் சாப்பிட்டீங்களா என்று ஷகிலா கேட்டாள். முகம் வெளுத்திருக்கிறது என்றாளோ என்னவோ, சரியாகக் காதில் விழவில்லை. ஷகிலாவுக்கு இருபத்தெட்டு வயது, வரும் செய்தியைப் பிரித்துத் திரையில் போடுவது அவள் வேலை, இந்தப் பதினெட்டு நிமிடத்தில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. திலகவதி தலையை ஆட்டினாள். சாப்பிட்டேன் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். இட்லி தின்றது இன்றைக்கா நேற்றைக்கா? உண்ணி மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போகும், அதைவிட மெதுவாகக்கூட. செய்தியாளர்களுக்கு அது ஏமாற்றம். இவ்வளவுதானா என்று கேட்டார்கள். மெதுவாக வருவதுதான் பயம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ஒரு பெரிய ஜங்ஷன் யார்டில் பெட்டிகளைக் கோக்கும் வேலை. அவளுக்கு ஒன்பது வயது, முழுப்பரீட்சை லீவு, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். தனியாக உருண்டு வரும் சரக்குப் பெட்டிக்குச் சத்தமே கிடையாது. நடக்கிற வேகத்தில் வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த முனிரத்தினம் மாமா இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்றிருந்தார், அது வந்து அவரை இடுப்போடு பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நின்றபடியே இருந்தார். அவளைப் பார்த்ததும், “என்ன கொழம்பு பாப்பா?” என்று கேட்டார். முருங்கைக்காய் சாம்பார் என்றாள். அதற்குள் அப்பாவின் கை வந்து அவள் கண்ணைப் பொத்திவிட்டது, கிரீஸ் வாசனை அடிக்கிற கை. பெட்டியை விலக்கினால் அவர் உயிர் போய்விடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். காலனிக்கு ஆள் அனுப்பினார்கள், அவர் சம்சாரம் வந்துசேரப் பன்னிரண்டு நிமிடமோ என்னவோ ஆனது, அதுவரை விலக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் வேண்டாம் என்றார். அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவர் இருந்தாரா இல்லையா என்று அவள் அப்பாவிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. இத்தனை வருடம் அதை நினைத்ததும் இல்லை. இப்போது ஏன் வந்து நிற்கிறார்? போங்கள் மாமா. பதினொன்று பத்து. உந்துபொறி, பொத்தான், கொக்கி. பொத்தான் அமுங்கினால் பொறி. மஞ்சள் பட்டை. மாதுளை வியாழக்கிழமைதான் போடுவார்களா, செவ்வாய்க்கிழமையும் உண்டா?

சொல்லிவிடலாமா என்ற எண்ணம் எப்போது வந்தது என்று தெரியவில்லை, வந்தபோது முன்பே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. எதற்காகச் சொல்லவேண்டும்? இப்போது சொன்னால் உண்ணிக்குக் கேட்காது. இங்கிருந்து ஒரு கட்டளை அனுப்பினால் போய்ச்சேரவே பதினெட்டு நிமிடம், அதற்குள் அங்கே எல்லாம் முடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். உண்ணி பற்றியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தெறித்திருந்தால் விசாரணைக் குழு வந்து அவர்களே பழைய படிவங்களைத் திறப்பார்கள். இரண்டு வழியிலும் அவள் வாயைத் திறக்கத் தேவையில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பதே வேலைக்கு நல்லது, அறையின் ஒழுங்குக்கும் நல்லது. இப்படிச் சொல்லிக்கொண்டு கையை மடியில் வைத்தாள். வென்ற பிறகு சொன்னால் அடக்கம் என்று மெச்சுவார்கள். தோற்ற பிறகு சொன்னால் மாட்டிக்கொண்டதால் சொன்னாள் என்பார்கள். அவள் சொல்வது அவள் சொன்னதாகவே நிற்கக்கூடிய நேரம் இந்த ஒன்பது நிமிடம்தான், அதுவும் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் என்ன சொல்வது? தப்பு செய்துவிட்டேன் என்றா? செய்தாளா? தெரியவில்லை என்று சொல்வதா? முப்பதாயிரம் பேர் வேலை பார்த்த ஒரு காரியத்தில் போய், எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐம்பது வயதாகப்போகிறது. தெரியவில்லை என்ற சொல்லைக் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சொன்னாள்? கணவர் சண்முகசுந்தரம் மகன் படிப்பைப் பற்றி ஏதாவது கேட்டால்கூட, யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்வாள். எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. முப்பத்தாறு பயிற்சியிலும் இந்த நேரத்தில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஷகிலா நிமிர்ந்து பார்த்தாள், பின்வரிசையில் யாரோ தலையைத் தூக்கினார்கள். தேவசகாயத்தின் மேஜைக்குப் பதினைந்து அடி இருக்கும். ஒவ்வொரு அடியிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, திரும்பினாலும் எழுந்தது எழுந்ததுதான் என்றும் தோன்றியது.

தேவசகாயம் நாகர்கோவில்காரர், ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிக்கொண்டு என்ன என்பது போலப் பார்த்தார். அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. அவர் அவசரப்படுத்தவில்லை.

“உண்ணிக்குள்ள அறுபது இருக்கா, இருபத்தஞ்சு இருக்கான்னு எனக்குத் தெரியல சார்,” என்றாள். “மாத்தினேன். நிஜத்துல மாத்தினேனா, பயிற்சியில மாத்தினேனான்னு ஞாபகம் வரல.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பதிமூன்று. பிறகு அவளைப் பார்த்தார்.

“இப்போ சொல்லி என்ன செய்ய, திலகா?”

“ஒண்ணும் செய்ய முடியாது சார். வந்த பிறகு சொன்னா வேற யாரோ சொன்ன மாதிரி ஆயிடும்.”

அவர் முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தாள், வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. எது இருக்கவேண்டும் என்று நினைத்தாய் என்று கேட்டார். இருபத்தைந்து என்றாள். ஏன் என்று கேட்டார். இளம்பரிதி சொன்னது, படங்கள் வந்த பிறகு அவன் சொன்னதுதான் சரி என்று தோன்றியது என்றாள். அவனிடம் சொன்னாயா என்றார். இல்லை என்றாள். அந்த மறுஆய்வுக் கூட்டத்தில் அவரும் இருந்தார், சிரித்தவர்களில் அவரும் உண்டா என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

“போய் இரு. வரட்டும். வந்த பிறகு சேந்தே திறந்து பாப்போம்.”

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பாரம் குறையும் என்று எதிர்பார்த்தாள். குறையவில்லை. சொல்லிவிட்டதால் ஒரு மயிரிழைகூட எதுவும் மாறவில்லை, உண்ணி அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்தது, அவள் மட்டும் இங்கே கூடுதலாக ஒரு ஆளுக்குத் தெரிந்தவளாகிவிட்டாள். ஆனால் ஒரு வித்தியாசம்: யோசனை சுற்றுவது நின்றுவிட்டிருந்தது. அதுவரை மஞ்சள், மாதுளை, மஞ்சள் என்று ஓடிய சக்கரம் சும்மா நின்றது, நின்ற இடத்தில் வெறும் இரைச்சல். குளிர்சாதனத்தின் சத்தம். ஷகிலாவின் கொலுசு ஒருமுறை. பதினொன்று பதினைந்து, பதினாறு. பதினேழில் உயரம் வர ஆரம்பித்தது, நாற்பது மீட்டர், முப்பத்தெட்டு. பதினெட்டு நிமிடப் பழைய மீட்டர்கள். ஷகிலா ஒவ்வொன்றாகப் படித்தாள், பயிற்சியில் படிக்கிற அதே குரலில், அதனால் திலகவதிக்கு ஒரு நொடி இதுவும் பயிற்சிதானோ என்று வந்தது. பன்னிரண்டு மீட்டர். ஏழு. திரையின் ஓரத்தில் நடுக்கத்தின் அளவு ஓடிக்கொண்டிருந்தது: பதினொன்று, பதினெட்டு, ஒன்பது, இருபத்திரண்டு. இருபத்திரண்டைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது இருபத்துநான்கு என்றிருந்தது. உள்ளே இருபத்தைந்து இருந்தால், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு இடைவெளி. உள்ளே அறுபது இருந்தால் இதற்குப் பயமே இல்லை. அறுபதாக இருக்கட்டும் என்று வேண்டினாள், உடனே, ஐயோ இல்லை, கீழே பாறை என்று பதறினாள். இரண்டு மீட்டர். ஒன்று. ஷகிலா நிறுத்தினாள். திரை காலியாக இருந்தது. பிறகு ஒரு வரி வந்தது, ஷகிலா அதைப் படிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொத்தான் அமுங்கிய நேரம்: முப்பத்தொன்று. திலகவதிக்கு அதன் பொருள் புரிய ஒரு நொடி பிடித்தது. முப்பத்தொன்றுதான் அமுங்கியது. அறுபது என்றால் இது தரையே இல்லை, தெறித்திருக்கும், போயிருக்கும். அடுத்த வரி வந்தது: மேல் உந்துபொறி எரிந்தது. அடுத்தது: கொக்கி ஒன்று. கொக்கி இரண்டு. மூன்றாவது வருவதற்குள் அறை எழுந்துவிட்டது. யாரோ மேஜையில் அடித்தார்கள், பின்வரிசையில் ஒருவர் அழுதார். ஷகிலா வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திலகவதி உட்கார்ந்தபடியே இருந்தாள். இருபத்தைந்து போயிருக்கிறது. அனுப்பியிருக்கிறாள். அப்படியானால் இந்தப் பதினெட்டு நிமிடம் அவள் எதற்காகச் செத்தாள்? சந்தோஷப்படவேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. அதைத் தேடினாள், கைக்கு அகப்பட்டது வேறு என்னவோ.

பூட்டைத் திறந்ததும் தேவசகாயம் அவளை அழைத்துப் படிவத்தைக் காட்டினார். மஞ்சள் பட்டை இல்லை. வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு ஐம்பது, அவள் கையெழுத்து. பயிற்சி தொடங்கப் பத்து நிமிடம் முன்னால். காரணம் என்ற கட்டத்தில் அவளே எழுதியிருந்தாள்: மறுஆய்வில் இளம்பரிதி சொன்ன மதிப்பு. எழுதியது துளிகூட நினைவில்லை. தேவசகாயம் அதை இரண்டு தடவை படித்தார். அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு, நம்மிடமிருந்து கேட்பதுதான் மரியாதை என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன் என்று, கேட்காமலே, தணிந்த குரலில் சொன்னார். அறைக்கு வெளியே வராண்டாவில் போன்களை வைக்கும் பெட்டி இருந்தது. தன் போனை எடுத்தாள், அதில் இளம்பரிதியின் போன் எண் இன்னும் இருந்தது. ஐந்தாவது மணிக்கு எடுத்தான். பின்னால் பிள்ளைகளின் சத்தம், இரும்பை அரத்தால் ராவும் சத்தம். தன் பெயரைச் சொன்னாள். இறங்கிவிட்டது என்றாள், பிடித்துக்கொண்டுவிட்டது, முப்பத்தொன்றுதான் அமுங்கியது என்றாள். மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“உங்க எண்தான் இளம்பரிதி. அன்னைக்கு நீங்க சொன்ன இருபத்தஞ்சு.”

போனில் சத்தம் இல்லை. துண்டித்துவிட்டானோ என்று முதலில் நினைத்தாள். இல்லை, அரம் ராவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது அந்தச் சத்தமில்லாத நேரம். அவளுக்குத் தெரியும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். பழக்கத்தில் அவள் வாய் திறந்தது, அவனுக்காக எதையோ சொல்ல. மூடிக்கொண்டாள். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ போட்டோ எடுக்க அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“நான் அன்னைக்கு எதையும் சொல்லி முடிக்கல மேடம்,” என்றான். பிறகு மறுபடி அந்த நேரம், முன்பைவிட நீளம். “நான் சொல்ல வந்தது... நாற்பது.”

நாற்பது. முப்பத்தொன்றுதான் அமுங்கியது. நாற்பது என்றாலும் உண்ணி போயிருக்கும். அவள் அந்தக் கணக்கைப் போட்ட அதே நேரத்தில் அவனும் போட்டிருக்கவேண்டும். என்னுடையதும் தெறித்திருக்கும் மேடம் என்றான், லேசாக ஒரு சிரிப்புக்கூட இருந்தது, ஆச்சரியச் சிரிப்பு. அப்படியானால் இருபத்தைந்து யார் சொன்னது? அத்தனை தெளிவாக, தடங்கல் இல்லாமல், இத்தனை வாரமாக அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தது யார்? அவன் பேசாத இடத்தில் அவளே ஒரு எண்ணை வைத்து, அவன் குரலையும் வைத்து, மூன்று வாரம் வைத்திருந்தாளா? அது எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்தா, பயத்திலிருந்தா? பிடி கிடைக்கவில்லை. அவள் அன்றைக்குச் சொன்னதைப் பற்றி ஆரம்பித்தாள், அன்னைக்கு நான், என்று. அவன் அவளை நிறுத்தினான்.

“அத இப்ப வேண்டாம் மேடம். சொல்லவேண்டியது எனக்கு நிறைய இருக்கு. வகுப்பு பன்னிரண்டரைக்கு முடியும், கூப்பிடுங்க. ஆனா நான் பேச நேரம் ஆகும்.”

“ஆகட்டும்,” என்றாள்.

உள்ளே போய் தேவசகாயத்தின் மேஜையில் படிவத்தின் திருத்தப் பக்கத்தைத் திறந்தாள். காரணம் என்ற கட்டத்தில் இளம்பரிதியின் பெயர் இருந்த வரியை நீக்கினாள். அவன் சொல்லாததை அவன் சொன்னதாக எழுதுவது அவனுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் விரல் நின்றது. தெரியவில்லை என்று தட்டினாள். தேவசகாயம் எட்டிப் பார்த்தார், இப்படி எழுதினால் மேலே கேள்வி வரும் என்றார். வரட்டும் சார் என்றாள். அவர் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். எல்லோரும் போட்டோவுக்கு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், நடுவில் அவளுக்கு ஒரு இடம் விட்டிருந்தார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு வராண்டாவுக்குப் போனாள். போனை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மணியைப் பார்க்கவில்லை. பன்னிரண்டரை ஆக இன்னும் நேரம் இருந்தது.